நிறுத்தக்கூடிய கொசு, நிறுத்த முடியாத கொசு

இந்த வார எபிசோட்டில் நேரம் போதாமல் பாதியில் விட்ட விஷயத்தை இங்கே முழுசா எழுதறேன்னு சொல்லியிருந்தேன். இதோ.

கேள்வி ஒரு நேயரிடமிருந்து வந்தது. அவங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா ஒரு ஃபார்வர்ட் போட்டிருக்காங்க. ஆய்வகத்தில் மரபணு மாத்தின கொசுக்களை ஊருக்குள்ள பறக்க விடுறாங்களாம், கடிச்சா பாக்டீரியா நம்ம ரத்தத்தில் கலந்துடுமாம். "இதுக்கு என்ன பதில் போடறது? எனக்கே சரியா தெரியல"ன்னு கேட்டிருந்தாங்க.

சுருக்கமான பதில்: கொசுக்களை விடுறது உண்மை. அதுக்குள்ள பாக்டீரியா இருக்கிறதும் உண்மை. மரபணு மாத்தினது என்பது பொய். ரத்தத்தில் கலக்கும் என்பதும் பொய்.

ஆனா அந்த ஃபார்வர்ட் கேட்காமல் விட்ட ஒரு நல்ல கேள்வி இருக்கு. நான் காண்ட்ராக்டரா போற இடத்தில் எல்லாம், புதுசா எதையாவது ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி கேட்கிற கேள்வி அது: சரிப்பட்டு வரலைன்னா பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? ரோல்பேக் ப்ளான் என்ன? இந்தக் கொசு விஷயத்தில் அதுக்கு இரண்டு வேற வேற பதில் இருக்கு. ஏன்னு புரியணும்னா முதல்ல அந்த பாக்டீரியா எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கணும்.

டெங்குவை அடக்குறது ஏன் கஷ்டம்

உங்க வீட்டில் கொசுன்னு சொல்றாங்களோ, நுளம்பு என்று சொல்றாங்களோ, இங்கே நாம பேசுறது ஒரே ஒரு இனத்தைப் பற்றி: ஏடிஸ் எஜிப்டி. கால்களில் வெள்ளை வரி இருக்கும், பகலில் கடிக்கும். டெங்கு, சிக்குன்குன்யா, ஜிகா, மஞ்சள் காய்ச்சல் எல்லாத்தையும் சுமக்கிறது இதுதான். கடிக்கிறது பெண் கொசு மட்டும். முட்டைக்குத் தேவையான புரதம் ரத்தத்தில் இருக்கு. ஆண் கொசு பூந்தேன் மாதிரி இனிப்பைக் குடிச்சே வாழ்ந்துடும். இந்த ஆண், பெண் வித்தியாசத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மலேரியா கொசு குளம், வாய்க்கால், கிணறுன்னு தேடிப்போகும். ஏடிஸ் வீட்டுக்குள்ளேயே வாழும். பூந்தொட்டிக்குக் கீழே இருக்கிற தட்டு, பழைய டயர், தண்ணி பிடிச்சு வச்ச வாளி, ஏசி தண்ணி சொட்டுற டப்பா, இதில் ஏதாவது ஒண்ணு போதும். தெருவில் புகை அடிச்சா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது தப்பிச்சுடும். மருந்துக்கு எதிர்ப்பு சக்தியும் பல நாடுகளில் வந்துடுச்சு. தடுப்பூசியும் சுலபமில்லை. டெங்கு வைரஸில் 4 வகை இருக்கு. ஒரு வகை வந்து போனவருக்கு இன்னொரு வகை வந்தால் நோய் முதல் தடவையைவிடக் கடுமையாக வாய்ப்பு அதிகம். அதனால 4 வகைக்கும் எதிரா ஒரே நேரத்தில் பாதுகாக்கிற ஊசிதான் வேணும்.

இதோட அளவு தெரியணும்னா இலங்கையைப் பாருங்க. 2017இல் மட்டும் அங்கே 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானாங்க. நம்மில் பலருக்கு அந்த வருஷம் சொந்தக்காரங்க யாராவது ஆஸ்பத்திரியில் இருந்திருப்பாங்க.

வோல்பாக்கியா: அம்மா வழியில் மட்டும் வரும் சொத்து

1924இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பிடிச்ச சாதாரண கியூலெக்ஸ் கொசுவுக்குள்ள, ஹெர்டிக், வோல்பாக் என்ற இரண்டு பேர் ஒரு நுண்ணுயிரைப் பார்த்தாங்க. 1936இல் ஹெர்டிக் அதுக்கு நண்பர் பெயரையே வச்சார்: வோல்பாக்கியா. இது பூச்சியின் செல்லுக்குள்ளேயே வாழும் பாக்டீரியா. வெளியே தனியா வாழத் தெரியாது. பூச்சி இனங்களில் சுமார் பாதிக்குள்ள இது இயற்கையாகவே இருக்கு. பழத்தைச் சுற்றிப் பறக்கிற ஈக்குள்ள இருக்கு. ராத்திரி காதுக்கிட்ட வந்து பாடற வீட்டுக் கியூலெக்ஸ் கொசுக்குள்ளேயும் இருக்கு. ஏடிஸ் எஜிப்டிக்குள்ள மட்டும் இயற்கையில் இல்லை.

பெரியம்மாவுக்கு முதல் பதில் இதிலேயே வந்துடுச்சு. வோல்பாக்கியா சுமக்கிற கொசு நம்மை ஆயிரக்கணக்கான வருஷமா கடிச்சிட்டுத்தான் இருக்கு.

இந்த பாக்டீரியா ஒரு பூச்சியிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போக ஒரே வழிதான்: தாயின் முட்டை. விந்தணு ரொம்பச் சின்னது, அதில் பாக்டீரியாவுக்கு இடமில்லை. அப்படின்னா ஆண் கொசுவுக்குள்ள இருக்கிற வோல்பாக்கியாவுக்கு எதிர்காலமே இல்லை. ஆனா அது சும்மா இருக்கிறதில்லை. தன்னோட உறவுக்காரங்களுக்கு உதவியா ஒரு வேலை செய்யுது. நாலு சேர்க்கையைப் பாருங்க:

ஆணிடம் இல்லை, பெண்ணிடம் இல்லை: முட்டைகள் பொரிக்கும், குஞ்சுகளிடம் வோல்பாக்கியா இருக்காது.

ஆணிடம் இல்லை, பெண்ணிடம் இருக்கு: முட்டைகள் பொரிக்கும், எல்லாக் குஞ்சிடமும் இருக்கும்.

ஆணிடம் இருக்கு, பெண்ணிடமும் அதே வகை இருக்கு: முட்டைகள் பொரிக்கும், எல்லாக் குஞ்சிடமும் இருக்கும்.

ஆணிடம் இருக்கு, பெண்ணிடம் இல்லை: முட்டைகள் பொரிக்காது.

விஷயம் முழுக்க அந்த நாலாவது வரியில்தான். நம்ம பாஷையில் சொன்னா இது ரான்சம்வேர். வோல்பாக்கியா உள்ள ஆணின் விந்தணு பூட்டு போட்டுத்தான் வெளியே வருது. சாவி இருக்கிறது வோல்பாக்கியா உள்ள முட்டையில் மட்டும். சாவி இல்லாத முட்டையில் அந்த விந்தணு சேர்ந்தால் கரு ஆரம்பத்திலேயே நின்னுபோயிடும். பூட்டுக்கும் சாவிக்கும் காரணமான இரண்டு ஜீன்களை 2017இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன்கள் இருக்கிற இடமும் வேடிக்கையானது. எப்போதோ வோல்பாக்கியாவைத் தாக்கிய ஒரு வைரஸ் அதோட டிஎன்ஏக்குள்ள விட்டுப்போன பகுதி அது. கொசுவுக்குள்ள பாக்டீரியா, பாக்டீரியாவுக்குள்ள வைரஸோட கோட்.

ஒரு சின்ன கணக்கு

கால்குலேட்டரே வேண்டாம், கூட வாங்க.

ஒரு ஊரில் 100 பெண் கொசு. அதில் 50இடம் வோல்பாக்கியா இருக்கு, 50இடம் இல்லை. ஆண்களிலும் அதே பாதிக்குப் பாதி. வோல்பாக்கியா உள்ள 50 பெண்களின் முட்டையும் தப்பிக்கும், யாரோடு சேர்ந்தாலும் சரி. இல்லாத 50இல் பாதி, பூட்டுப் போட்ட ஆணோடு சேரும். அதுங்க முட்டை வீண். மிச்சம் 25 பங்கு. அடுத்த தலைமுறையில் 50க்கு 25. அதாவது 67% வோல்பாக்கியா. அதே கணக்கை மறுபடி ஓட்டினா 86%. இன்னொரு தடவை ஓட்டினா 98%. மூணே தலைமுறை. கொசுவுக்கு ஒரு தலைமுறை என்பது சில வாரம்தான்.

ஆனா நிஜத்தில் இந்த பாக்டீரியாவைச் சுமக்க ஒரு செலவு உண்டு. சுமக்கிற பெண் முட்டை கொஞ்சம் குறைவா போடலாம், ஆயுள் கொஞ்சம் குறையலாம். அந்தச் செலவை 20%ன்னு வச்சுக்குவோம்.

10%இல் ஆரம்பிச்சா: வோல்பாக்கியா உள்ள 10 கொசு 8க்குச் சமம். இல்லாத 90இல் பத்தில் ஒரு பங்கு வீண், மிச்சம் 81. எட்டுக்கு எண்பத்தொண்ணு, 9%. குறைஞ்சுடுச்சு. இப்படியே போனா அழிஞ்சுடும்.

30%இல் ஆரம்பிச்சா: 30 என்பது 24க்குச் சமம். இல்லாத 70இல் மிச்சம் 49. இப்போ 33%. ஏறுது. ஏறிட்டே போகும்.

சரியா 20%இல் ஆரம்பிச்சா: 16க்கு 64. அடுத்த தலைமுறையும் 20%. அசையாது.

இந்த எளிய மாடலில் செலவு எவ்வளவோ, எல்லைக்கோடும் அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே இருந்தா வோல்பாக்கியா தானா மறையும். கோட்டைத் தாண்டிட்டா தானா ஊரைப் பிடிக்கும். மீதிக் கதை முழுக்க இந்தக் கோட்டைச் சுற்றித்தான்.

கெய்ர்ன்ஸ்: ஒரு தடவை விட்டால் போதும்

ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஸ்காட் ஓநீல் முதலில் நினைச்சது வேற. கொசு டெங்கு ரத்தத்தைக் குடிச்ச உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதோட வயித்தில் பெருகி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேர சுமார் 10 நாள் ஆகும். அதனால வயசான கொசுதான் ஆபத்து. பழ ஈயின் ஒரு வோல்பாக்கியா வகை ஆயுளைக் குறைக்கும்னு தெரிஞ்சிருந்தது. அதை ஏடிஸுக்குள்ள வச்சா, வைரஸ் தயாராகிறதுக்கு முன்னாடியே கொசு செத்துடும் இல்லையா?

வைக்கிறதுதான் பெரும்பாடு. நுண்ணிய ஊசியால் கொசு முட்டைக்குள்ள குத்தணும், ஒண்ணு இரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில். கடைசியில் அது நடந்தது. 2009இல் வெளியான முடிவுப்படி கொசுவின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியானது. ஆனா நம்ம கணக்கு ஞாபகம் இருக்கா? ஆயுள் பாதியானா செலவு ரொம்ப அதிகம். எல்லைக்கோடும் எகிறிடும். பின்னாடி வியட்நாமிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்த வகையை விட்டுப் பார்த்தப்போ, விடுறதை நிறுத்தினதும் அது நிலைக்கலை.

அதிர்ஷ்டம் வேற பக்கத்திலிருந்து வந்தது. 2008, 2009இல், வோல்பாக்கியா உள்ள பூச்சிக்குள்ள வைரஸே சரியா பெருகுறதில்லைன்னு தெரிய வந்தது. செல்லுக்குள்ள இருக்கிற கொழுப்பு மாதிரியான பொருட்களை பாக்டீரியா எடுத்துக்கிறதால வைரஸுக்குத் தட்டுப்பாடு. கொசுவின் எதிர்ப்பு சக்தியும் ஏற்கனவே விழிச்சிருக்கு. இப்படி இரண்டு காரணம் சொல்றாங்க. அப்படின்னா கொசு சாகவே வேண்டாம். செலவு குறைஞ்ச சாதுவான வகை போதும்.

2011 ஜனவரியில், குயின்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸ் பக்கத்தில் யார்கீஸ் நாப், கார்டன்வேல் என்ற இரண்டு இடங்களில் சுமார் 10 வாரம் கொசு விட்டாங்க. மொத்தம் கிட்டத்தட்ட 3 லட்சம் கொசு, ஆணும் பெண்ணும் சேர்த்து. சில மாதத்தில் அங்கே இருந்த ஏடிஸில் பெரும்பாலானதுக்குள்ள வோல்பாக்கியா இருந்தது. அதுக்கு அப்புறம் யாரும் தொடலை, அதுவாவே நிலைச்சுடுச்சு. அந்த வட்டாரத்தில் உள்ளூர்ப் பரவல் 96% குறைஞ்சதா பின்னாடி வந்த ஆய்வு சொல்லுது.

"மழை குறைஞ்சிருக்கலாம், தற்செயலா நடந்திருக்கலாம்"ன்னு சந்தேகப்படறவங்களுக்குப் பதில் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலிருந்து வந்தது. மருந்துக்குச் செய்யற மாதிரியே ஒரு சோதனை. நகரத்தை 24 பகுதியாகப் பிரிச்சு, குலுக்கல் முறையில் 12க்கு மட்டும் வோல்பாக்கியா கொசு முட்டைகளை வாளிகளில் வச்சாங்க. காய்ச்சலோடு வந்த 8,144 பேரை ஆய்வில் சேர்த்தாங்க. கட்ஜா மடா பல்கலைக்கழகத்தின் அதி உதாரினி தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2021இல் வெளியானது. வோல்பாக்கியா பகுதிகளில் டெங்கு 77.1% குறைவு. டெங்குவால் ஆஸ்பத்திரியில் சேர்றது 86.2% குறைவு.

சிங்கப்பூர்: அதே பாக்டீரியா, நேர் எதிரான திட்டம்

இப்போ அதே கருவியை வேற மாதிரி பிடிக்கிற ஊருக்கு வருவோம். சிங்கப்பூர் 2016இல் ஆரம்பிச்ச திட்டத்தில் ஆண் கொசுக்களை மட்டும்தான் விடுறாங்க. நாலாவது வரியை மறுபடி படிங்க: ஆணிடம் இருக்கு, பெண்ணிடம் இல்லை, முட்டை பொரிக்காது. ஊரில் இருக்கிற பெண் கொசுக்களின் முட்டை எல்லாம் வீணாகி, கொசுவே குறையும். விட்ட ஆண்கள் கடிக்காது. கொஞ்ச நாளில் செத்துடும். வோல்பாக்கியாவும் அதோடு முடிஞ்சுடும்.

ஆனா தெரியாமல் கொஞ்சம் பெண் கலந்துபோய், அது எல்லைக்கோட்டைத் தாண்டிட்டா திட்டமே பாழ். ஊரிலேயே சாவி உள்ள பெண்கள் பெருகிடும், ஆண்களின் பூட்டு வேலை செய்யாது. அதனால பிரிக்கிறதில் ரொம்பக் கவனம். ஆண் கூட்டுப்புழு அளவில் சின்னது, அதை வச்சு முதல்ல சலிப்பாங்க. கணினிப் பார்வை வச்சுப் பிரிக்கிற இயந்திரங்களும் உண்டு. வெரிலி நிறுவனம் இதில் கூட்டாளியா இருந்தது. அதையும் தாண்டித் தப்புற பெண் மலடாகிறதுக்குக் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிர். ஒரு செக் பத்தாதுன்னு மூணு செக் வச்சிருக்காங்க.

இப்போ ரோல்பேக் கேள்விக்கு வருவோம்

சிங்கப்பூர் முறையை நாளைக்கே நிறுத்தலாம். நிறுத்தினா பக்கத்துத் தெருவிலிருந்து கொசு வந்து, சில மாதத்தில் பழைய நிலை. அதாவது ரோல்பேக் சுலபம், ஆனா வாரா வாரம் விட்டுட்டே இருக்கணும். தொழிற்சாலை, ஆட்கள், வண்டிகள்னு மாதச் சந்தா மாதிரி செலவு. பணக்கார நகரத்துக்கு அது கட்டும்.

கெய்ர்ன்ஸ் முறை ஒரு தடவைச் செலவு. பணமில்லாத ஊருக்கு அதுதான் பொருந்தும். ஆனா திரும்பிப் போறது? ஊரில் 98% வோல்பாக்கியா கொசு இருக்குன்னா, அதை 20% கோட்டுக்குக் கீழே இழுக்கணும். அதுக்கு ஊரில் இருக்கிற மொத்தக் கொசுவைப் போல 4 மடங்கு பழைய கொசுவை, கடிக்கிற, டெங்கு சுமக்கக்கூடிய கொசுவைக் கொண்டுவந்து கொட்டணும். கணக்குப்படி முடியும். எந்த ஊரும் அதுக்குச் சம்மதிக்காது.

ஒரு ஆறுதல்: இது உலகம் முழுக்கப் பரவிடாது. அடுத்த ஊரில் ஒண்ணு இரண்டு போய்ச் சேர்ந்தா கோட்டுக்குக் கீழேயே இருந்து மறைஞ்சுடும். கெய்ர்ன்ஸில் பார்த்த வேகம் வருஷத்துக்கு 100 முதல் 200 மீட்டர்தான்.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். திரும்ப எடுக்க முடியாத ஒண்ணை ஒரு தெருவில் விடும்போது, அந்தத் தெருக்காரங்களை முன்னாடியே கேட்கிறதும் பாதுகாப்புச் சோதனையில் ஒரு பகுதி. கெய்ர்ன்ஸில் விடுறதுக்கு முன்னாடி பல வருஷம் கூட்டம் போட்டுப் பேசினாங்க. ஆபத்து மதிப்பீட்டைத் திட்டத்தில் இல்லாத சிஎஸ்ஐஆர்ஓ தனியா செஞ்சது. பூச்சிக்கொல்லி, கால்நடை மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி கொடுத்தது.

இதுக்கு நேர்மாறான கதையும் இருக்கு. 1970களில் உலக சுகாதார அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து டெல்லியில் மரபியல் முறையில் கொசு ஒழிப்பு ஆய்வு நடத்தினாங்க. அமெரிக்கப் பணமும் அதில் இருந்தது. "இது உயிரியல் போருக்கான ஒத்திகை"ன்னு பத்திரிகைகளில் வந்தது, நாடாளுமன்றக் குழு வரை போனது. சோனிபத் நகரில் ஏடிஸ் கொசு விடுறதுக்குத் தயாரா இருந்த நேரத்தில், 1975இல், எல்லாம் நின்னுபோச்சு. நம்ம பெரியம்மாவோட ஃபார்வர்டுக்கு அம்பது வருஷப் பாட்டி அது. அன்னைக்கு வாட்ஸ்அப் இல்லை. மக்களிடம் முதலில் யார் பேசினாங்க என்பதுதான் வித்தியாசம்.

இன்னைக்கு அந்தக் கேள்வி மறுபடி வந்திருக்கு. புதுச்சேரியில் இருக்கிற நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் வோல்பாக்கியா உள்ள ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கியிருக்கறதா 2022இல் அறிவிச்சது. கொழும்பின் சில பகுதிகளில் முன்னோட்டமா விட்டுப் பார்த்திருக்காங்க. மலேசியாவில் 2017இலிருந்து சிலாங்கூர் பக்கம் நடக்குது. முதல் இடங்களில் டெங்கு சுமார் 40% குறைஞ்சது. அங்கே வேற ஒரு வகையை எடுத்ததுக்குக் காரணம் வெயில். கெய்ர்ன்ஸில் விட்ட வகைக்குக் கடும் சூடு ஆகாது. 2018 நவம்பரில் கெய்ர்ன்ஸில் 43 டிகிரியைத் தாண்டின வெப்ப அலையில் வோல்பாக்கியா அளவு குறைஞ்சு, பிறகுதான் மீண்டது. சென்னை, மதுரை வெயிலில் என்ன ஆகும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

சரி, பெரியம்மாவுக்கு என்ன எழுதறது?

என்னைக் கேட்டா "ஃபேக் நியூஸ், டெலீட் பண்ணுங்க"ன்னு மட்டும் போடாதீங்க. அவங்க பயத்தில் பாதி நியாயம் இருக்கு. இப்படி எழுதலாம், காப்பி பண்ணிக்கோங்க:

"பெரியம்மா, கொசு விடுறது உண்மைதான், டெங்குவைக் குறைக்கத்தான். கொசுவோட ஜீனை மாத்தல. அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா ராத்திரி கடிக்கிற சாதாரண கொசுவிலும் எப்பவும் இருக்கிறதுதான். அது பூச்சியின் செல்லுக்குள்ள மட்டும்தான் வாழும். அந்தக் கொசுக்களுக்குத் தாங்களே கை கொடுத்துக் கடி வாங்கினவங்களோட ரத்தத்தைச் சோதிச்சும் பார்த்தாச்சு, ஒண்ணும் ஏறல. யானைக்கால் நோய்ப் புழுவிலும் வோல்பாக்கியான்னு ஒண்ணு இருக்கும், அது வேற வகை, அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம். உங்க ஏரியாவில் விடப் போறாங்கன்னா இரண்டு கேள்வி கேளுங்க: ஆண் மட்டுமா, பெண்ணும் சேர்த்தா? எங்க தெருவை எப்போ கேட்டீங்க? அப்புறம் பூந்தொட்டித் தட்டில் தண்ணி தேங்காமப் பார்த்துக்கோங்க. வோல்பாக்கியா வந்தாலும் அந்த வேலை நம்மளதுதான்."

உங்க வீட்டு குரூப்பில் என்ன பதில் வந்ததுன்னு இந்த மெயிலுக்கே ரிப்ளை போடுங்க. பெரியம்மா இதைவிட நல்ல கேள்வி ஏதாவது திருப்பிக் கேட்டா, அதையும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்டில் அதை எடுத்துப் பேசறோம்.